யந்திரம் படித்தால் மாணவன் படித்தவனாவானா?

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படும் யந்திரத்தால் நமது கல்லூரி மாணவர்களின் படிப்பு எவ்விதமாய் மாறி வருகின்றது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கின்றீர்கள். நாம் இவ்விஷயத்தில் பெரிய நிபுணர்கள் அல்ல. அந்த யந்திரத்தைச் செய்யும் வித்தையைப் படித்தவர்களுமல்ல. ஆனாலும், கண்ணால் கண்டதையும், ஆராய்ச்சிக்காரர்கள் அச்சிட்டு வெளியிட்டிருப்பதையும், நம் சொந்த அறிவுக்குச் சரியென்று பட்டதையும் எடுத்துச் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கின்றோம். நாம் சொல்லுவது முழுவதும் சரியென்று ஒப்புக் கொள்ள வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

தோழர்களே! 2022 நவம்பர் 30-ந் தேதி அமெரிக்காவில் ஓபன் ஏஐ என்ற கம்பெனியார் சாட் ஜிபிடி என்ற யந்திரத்தைப் பொது ஜனங்களுக்குத் திறந்து விட்டார்கள். அதன் பின்னால் கூகிள் கம்பெனியாரின் ஜெமினி முதலிய பல யந்திரங்கள் வந்து விட்டன. இன்றைக்கு ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரையில் இவைகளின் பேரைக் கேள்விப்படாத கல்லூரி மாணவன் ஒருவன்கூட இருக்க மாட்டான். ராத்திரி பத்து மணிக்கு அசைன்மெண்ட் கட்டுரையை ஆரம்பித்துப் பத்தேகால் மணிக்கு முடித்துவிட்டுத் தூங்கப் போகின்ற காலம் வந்து விட்டது.

இதைக் குறித்து நமது ஜில்லாவில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சியார், "குடி கெட்டது, பிள்ளைகள் பாழாய்ப் போனார்கள், யந்திரத்தைத் தடுத்துவிட வேண்டும்" என்கின்றார்கள். மற்றொரு கட்சியார், "இனி வாத்தியாரே வேண்டியதில்லை, எல்லாம் அதுவே பார்த்துக் கொள்ளும்" என்கின்றார்கள். முந்தினவர்கள் யந்திரத்தைப் பேயாக்குகின்றார்கள். பிந்தினவர்கள் அதைச் சாமியாக்குகின்றார்கள். பேயும் இல்லை, சாமியும் இல்லை என்று சொல்லுவதற்குத்தான் நாம் வந்திருக்கின்றோம்.

ஒரு பெண்ணின் கட்டுரை

சில மாதங்களுக்கு முன் நம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு கட்டுரையைக் கொண்டு வந்து காட்டினாள். சரித்திரம் படிக்கின்ற பெண். தாயார் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைப்பவர். தகப்பனார் ரப்பர் பால் வெட்டுகின்றவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் இந்தப் பெண்தான். கட்டுரையின் தலைப்பு தோள்சீலைப் போராட்டம். பத்துப் பக்கம். இங்கிலீஷ் வெகு அழகாக இருந்தது.

"நல்லாயிருக்கு மக்களே. இதில் என்ன சொல்லியிருக்கிறாய்?" என்று கேட்டோம்.

"தெரியல மாமா. கேட்டேன், அது தந்தது. நான் இன்னும் படிச்சுப் பாக்கல்ல" என்றாள்.

நாம் வாங்கிப் படித்துப் பார்த்தோம். திருவிதாங்கூர் மகாராஜா தமது கருணையினால் 1859-ல் பெண்களுக்கு மேலாடை உரிமையை அளித்தார் என்று அதில் கண்டிருந்தது. கடைசியில் ஆதாரமாக ஆறு புத்தகங்களின் பெயர்கள் இருந்தன. அவற்றில் இரண்டை நாம் எங்கு தேடியும் காணோம். அப்படிப்பட்ட புத்தகங்கள் எந்தப் புத்தக சாலையின் ஜாபிதாவிலும் இல்லை.

தோழர்களே! 1859-ல் உத்தரவு வந்தது மெய்தான். ஆனால் அது கருணையினால் வந்ததா? அதற்கு முன் நாற்பது வருஷங்களுக்கு மேலாக இந்த மண்ணில் பெண்கள் நடுத்தெருவில் ரவிக்கை கிழிக்கப்பட்டு அவமானம் அடைந்தார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. சென்னைக் கவர்னராயிருந்த டிரெவில்யன் திருவிதாங்கூர் சர்க்காரை நெருக்கினார். அதன் பிறகுதான் உத்தரவு வந்தது. வந்த உத்தரவிலுங்கூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகின்ற மாதிரியில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இதற்குக் கருணை என்றா பேர்?

அந்தப் பெண்ணின் பாட்டிக்குப் பாட்டி எந்தத் துணிக்காக அடிபட்டிருப்பாளோ அந்தத் துணியைப் பற்றிய கட்டுரையை, அந்தப் பெண் படித்துப் பார்க்காமலே தன் பேரில் கொடுக்கப் போனாள். அதில் அடித்தவனுக்கு வந்தனம் சொல்லியிருந்ததும் அவளுக்குத் தெரியாது. இதைப் பார்த்த பிறகுதான் நமக்கு இது வெறும் கல்லூரி மார்க்கு விஷயம் அல்ல என்று பட்டது.

பழியை யார் மேல் போடுவது?

உடனே அந்தப் பெண்ணைத் திட்டலாமா என்றால், கூடாது என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில், படிக்காமல் எழுதுகின்ற வழக்கத்தை இந்த யந்திரமா நமக்குக் கற்றுக் கொடுத்தது? யந்திரம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே கைடு இருந்தது. நோட்ஸ் இருந்தது. முந்தின வருஷத்து மாணவனுடைய ரிக்கார்டு நோட்டைப் பார்த்து வரிக்கு வரி நகல் எடுப்பது இருந்தது. கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துப் புராஜெக்ட் வாங்குவதும் இருந்தது.

அதற்கும் முந்திப் போனால் என்ன இருந்தது? அர்த்தம் தெரியாத பாஷையில் சொல்லப்பட்டதை அர்த்தம் கேட்காமல் திருப்பிச் சொல்லுகின்றவனுக்குத்தான் படித்தவன் என்று பெயர் இருந்தது. ஏன் என்று கேட்டவன் அதிகப்பிரசங்கி. எப்படி என்று கேட்டவன் நாஸ்திகன். தலைமுறை தலைமுறையாய் இப்படிப் பழகிய நாட்டில், கேட்காமல் படிக்கும் வழக்கம் புதிதாக வந்து விட்டதென்று ஆச்சரியப்படுவது வேடிக்கையல்லவா?

நமது பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை 1990-ல் ஏற்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. இவைகளில் வழக்கமாக நூற்றுக்கு 25 மார்க்கைக் கல்லூரிக்குள்ளேயே போடுகின்றார்கள். மீதி 75 மார்க்கு, பரீட்சைச் சாலையில் உட்கார்ந்து கையால் எழுதுவதற்கு. வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவரும் கட்டுரையை யந்திரம் எழுதி விடுகின்றது. பரீட்சைச் சாலைக்குள் யந்திரம் வர முடியாது. ஆகவே மாணவன் என்ன செய்கின்றான்? யந்திரத்தையே ஐந்து மார்க்குக் கேள்விக்கும் பத்து மார்க்குக் கேள்விக்கும் பதில் தயாரிக்கச் சொல்லி, அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் எழுதுகின்றான். பழைய கைடு இருந்த இடத்தில் புதிய கைடு வந்து உட்கார்ந்து விட்டது. கைடுக்கு ஒரு நூறு ரூபாய் கொடுக்க வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆசிரியர்களும் நம்மீது கோபித்துக் கொள்ளக் கூடாது. கேள்வித்தாளை யந்திரம் தயாரிக்கின்றது, பதிலை யந்திரம் எழுதுகின்றது, திருத்துவதற்கும் யந்திரத்தைக் கேட்கின்றார்கள் என்றால், நடுவில் மாணவனுக்கும் வாத்தியாருக்கும் என்ன வேலை? இரண்டு யந்திரங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக் கொள்வதற்குத் தபால்காரராக இருப்பதற்கா சம்பளமும் பீசும்?

யந்திரத்தின் யோக்கியதை

சரி, இந்த யந்திரம் எப்படிப் பதில் சொல்லுகின்றது? அதற்கு மனிதனைப் போல் அறிவு இருக்கின்றது என்று அநேகர் நினைக்கின்றார்கள். உண்மை என்னவென்றால், மனிதர்கள் எழுதி வைத்த கோடானுகோடி பக்கங்களை அதற்குள் செலுத்தியிருக்கின்றார்கள். ஒரு வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வருவது வழக்கம் என்பதை அது கணக்கிட்டுக் கணக்கிட்டுப் பழகியிருக்கின்றது. நாம் கேள்வி கேட்டால், அந்தக் கணக்கின்படி வார்த்தை வார்த்தையாய்க் கோத்துக் கொடுக்கின்றது. அநேக சமயங்களில் அது சரியாகவே இருக்கும். சில சமயங்களில் இல்லாத புத்தகத்துக்கும் அழகாகப் பேர் வைத்துக் கொடுக்கும். சரியானதைச் சொல்லும்போதும் தவறானதைச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றாகவே இருப்பதுதான் அதிலுள்ள அபாயம்.

2023-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் இரண்டு வக்கீல்கள் இதை நம்பிக் கோர்ட்டில் மனுத் தாக்கல் செய்தார்கள். யந்திரம் எடுத்துக் கொடுத்த பழைய தீர்ப்புகளில் ஆறு தீர்ப்புகள் உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் சொல்லப்படாதவை என்று வெளியாயிற்று. ஜட்ஜ் 5,000 டாலர் அபராதம் போட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வக்கீல் சந்தேகம் வந்து, "இந்தத் தீர்ப்பு மெய்தானா?" என்று அதே யந்திரத்தைத்தான் கேட்டிருக்கின்றார். அதுவும் "மெய்தான்" என்று சொல்லி விட்டது. சாஸ்திரம் உண்மை என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், "சாஸ்திரத்திலேயே எழுதியிருக்கின்றது" என்று சொல்லுகின்றவர்களை நாம் பார்த்திருக்கின்றோம் அல்லவா? பெரிய படிப்புப் படித்த வக்கீல்கள் அந்த நிலைமைக்கு வந்து விட்டார்கள்.

அன்றியும், மனிதர்கள் எழுதி வைத்ததைத்தானே அது படித்திருக்கின்றது? எழுதியவர்களுடைய அழுக்கும் அதற்குள் போயிருக்கத்தானே வேண்டும்? 2025 அக்டோபரில் அமெரிக்காவிலுள்ள எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ என்ற பத்திரிகை இதைச் சோதித்து வெளியிட்டது. சாதிப் பெயருக்கு இடம் விட்டு எழுதிய வாக்கியங்களைக் கொடுத்துப் பூர்த்தி செய்யச் சொன்னபோது, படித்தவன் என்று வந்த இடத்தில் பிராமணனையும், சாக்கடை, அசுத்தம் என்று வந்த இடத்தில் தாழ்த்தப்பட்டவனையும் யந்திரம் பெரும்பாலும் போட்டது. பெங்களூரில் ஆராய்ச்சி வேலைக்கு மனுப்போட்ட ஒருவர் தமது மனுவின் இங்கிலீஷைத் திருத்திக் கொடுக்கச் சொன்னாராம். அது இங்கிலீஷைத் திருத்தியதோடு நிற்காமல், அவருடைய குடும்பப் பெயரையும் எடுத்துவிட்டு "சர்மா" என்று போட்டு விட்டதாம்! அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பெரிய படிப்புக்கு மனுப்போடுகின்றவன் சர்மாவாகத்தான் இருப்பான் என்பது அது படித்த படிப்பு.

யந்திரத்துக்குச் சாதி கிடையாது என்று சொல்லுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆகையால்தான் நமது பக்கத்து வீட்டுப் பெண்ணின் கட்டுரையில் அடிபட்டவள் மறைந்து போய், மகாராஜாவின் கருணை மேலே வந்து நின்றது. பேனா பிடித்தவர்கள் எழுதி வைத்ததைத்தான் அது திருப்பிச் சொல்லும். அடிபட்ட நம்முடைய பாட்டி எங்கே எழுதி வைத்தாள்? அவளுக்கு எழுத்தே சொல்லிக் கொடுக்கவில்லையே!

ஏழைக்கு வாய்த்த வாத்தியார்

இவ்வளவு சொன்னதால் நாம் யந்திரத்துக்கு விரோதி என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. ரயில் வந்தபோது தீட்டு என்றவர்களும், குழாய்த் தண்ணீர் வந்தபோது ஆசாரம் போச்சு என்றவர்களும் இருந்தார்கள். நாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல.

இந்த ஜில்லாவின் சரித்திரத்தைப் பாருங்கள். 1806-ல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த மீட் பாதிரியார் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் வைத்தார். ஓலைச்சுவடி யார் வீட்டுப் பெட்டியில் இருந்ததோ அவர்களுக்குத்தான் படிப்பு என்றிருந்தது, அச்சு வந்த பிறகு ஆட்டம் கண்டது. 2011 ஜனக்கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் ஜில்லாவாக, நூற்றுக்கு 91.75 என்ற கணக்கில், கன்னியாகுமரி நிற்கின்றதென்றால், அது யந்திரங்களைக் கண்டு பயந்ததால் வந்ததல்ல.

இந்தப் புதிய யந்திரமும் ஏழைக்குச் செய்யக்கூடிய நன்மை கொஞ்சமல்ல. தமிழ் மூலமாய்ப் பனிரண்டாம் வகுப்பு வரை படித்த பையன், கோணத்தில் உள்ள இன்ஜினீயரிங் கல்லூரியில் போய் உட்கார்ந்தால், முதல் ஆறு மாதம் வாத்தியார் பேசும் இங்கிலீஷே அவனுக்குப் புரிவதில்லை. புரியவில்லை என்று எழுந்து கேட்க வெட்கம். பணக்காரப் பையனுக்கு டியூஷன் இருக்கின்றது. வீட்டில் படித்த தகப்பன் இருக்கின்றான். முட்டம் கடற்கரையிலிருந்து வள்ளக்காரர் மகன் வந்தால் அவனுக்கு யார் இருக்கின்றார்கள்? அவன் ராத்திரி பனிரண்டு மணிக்கு யந்திரத்தைப் பார்த்து, "இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்லு" என்று பத்துத் தரம் கேட்டாலும் அது சலிக்காமல் சொல்லுகின்றது. "உன் சாதிக்கு இது எதற்கு?" என்று கேட்பதில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று நாலு பேர் நடுவில் சிரிப்பதில்லை. இந்த நன்மையை நாம் மறைத்துப் பேசினால் அது யோக்கியமாகாது.

ஆகவே யந்திரம் நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி. அதனிடம் எதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

இரண்டு சோதனைகள்

இதைச் சோதித்துப் பார்த்திருக்கின்றார்கள். துருக்கி தேசத்தில் ஒரு உயர்தரப் பள்ளியில் சுமார் ஆயிரம் மாணவர்களைக் கொண்டு அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2025-ல் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் அல்லவென்றாலும் விஷயம் ஒன்றுதான். ஒரு கூட்டத்தாருக்கு யந்திரம் இல்லை. இரண்டாவது கூட்டத்தாருக்குக் கேட்டதும் விடையைக் கொடுத்துவிடும் யந்திரம். மூன்றாவது கூட்டத்தாருக்கு விடையைச் சொல்லாமல், "இந்த இடத்தில் யோசித்துப் பார்" என்று துப்பு மட்டும் கொடுக்கும் யந்திரம்.

பயிற்சிக் கணக்குகளில் இரண்டாம் கூட்டத்தார் யந்திரமில்லாதவர்களைவிட நூற்றுக்கு 48 பங்கு அதிகமாய்ச் செய்தார்கள். மூன்றாம் கூட்டத்தார் 127 பங்கு அதிகமாய்ச் செய்தார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பிறகு யந்திரத்தை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். விடையை வாங்கிப் பழகிய இரண்டாம் கூட்டத்தார், யந்திரத்தைக் கண்ணாலேயே காணாதவர்களைவிட நூற்றுக்கு 17 பங்கு குறைவாய்ச் செய்தார்கள்! துப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லாமற் போயிற்று. யந்திரம் ஒன்றே. கேட்ட விதம் வேறு. பலனும் வேறு.

மற்றொன்று, அமெரிக்காவில் எம்ஐடி என்ற கலாசாலையார் 2025 ஜூனில் வெளியிட்டது. 54 பேரை மூன்று கூட்டமாய்ப் பிரித்துக் கட்டுரை எழுதச் சொல்லி, மூளை வேலை செய்வதை ஒரு கருவியால் அளந்து பார்த்தார்கள். யந்திரத்தின் உதவியால் எழுதியவர்களுக்கு மூளையின் வேலை குறைவாக இருந்தது. எழுதி முடித்ததும், "உன் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லு" என்று கேட்டால், முதல் தடவையில் அவர்களில் நூற்றுக்கு 83 பேர் விகிதம் சரியாய்ச் சொல்ல முடியவில்லை. இது சிறிய ஆராய்ச்சி. மற்ற விஞ்ஞானிகள் பரிசீலித்து முடிப்பதற்கு முன் வெளிவந்தது. ஆகவே இதையும் வேதவாக்காக எடுத்துக் கொள்ளக் கூடாது. ஆனால் நம் பக்கத்து வீட்டுப் பெண் "தெரியல மாமா" என்று சொன்னதற்கும் இதற்கும் பொருத்தம் இருக்கின்றதா இல்லையா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பனையேறுகின்றவன் கையிலும் நெஞ்சிலும் காய்ப்பு இருக்கும். அது அவன் ஏறி ஏறி வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ஏறினால் நம் நெஞ்சில் காய்ப்பு வருமா? படிப்பும் அப்படித்தான். புரியாமல் விழிப்பதும், தப்பாய் எழுதி அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவதும் படிப்புக்கு இடைஞ்சல் அல்ல. அதுதான் படிப்பு.

திருடனைப் பிடிக்கும் யந்திரம்

இனி, தடுத்துவிட வேண்டும் என்ற கட்சியாருக்கு ஒரு வார்த்தை. யந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க இன்னொரு யந்திரம் விற்கின்றார்கள். அதை நம்பி மாணவனைத் தண்டிக்கலாம் என்கின்றார்கள். 2023-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக்காரர்கள் இப்படிப்பட்ட ஏழு யந்திரங்களைச் சோதித்தார்கள். இங்கிலீஷைத் தாய்பாஷையாக உடையவர்களல்லாத மாணவர்கள் சொந்தக் கையால் எழுதிய கட்டுரைகளில், சராசரி பாதிக்கு மேற்பட்டவற்றை அவை யந்திரம் எழுதியதென்று தப்பாய்ச் சொல்லி விட்டன. அமெரிக்கப் பிள்ளைகள் எழுதியதை அனேகமாகச் சரியாய்ச் சொல்லின. சாட் ஜிபிடியை வெளியிட்ட கம்பெனியாரே தாங்கள் செய்த கண்டுபிடிப்பு யந்திரம் சரியாய் வேலை செய்யவில்லை என்று 2023 ஜூலையில் அதை எடுத்து விட்டார்கள்.

இதற்கு அர்த்தம் என்ன? சின்னச் சின்ன வார்த்தைகளைப் போட்டுக் கஷ்டப்பட்டு இங்கிலீஷ் எழுதுகின்ற நமது தக்கலைப் பையனும் திங்கள்சந்தைப் பெண்ணும் திருடாமலே திருடர் என்று பேர் வாங்குவார்கள். 2024-ல் ஹரியானாவில் ஒரு சட்ட மாணவரை, பரீட்சைப் பதில் யந்திரம் எழுதியது என்று சொல்லிப் பெயிலாக்கினார்கள். அவர் ஹைகோர்ட்டுக்குப் போனார். பிறகு கல்லூரியார் அவரைப் பாஸ் செய்து விட்டதாகக் கோர்ட்டில் சொன்னார்கள். அவர் சட்டம் படித்தவர், கோர்ட்டுக்குப் போனார். நம் ரப்பர் வெட்டுக்காரர் மகள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

இலவசம் எதற்கு?

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 2025 ஜூலையில் கூகிள் கம்பெனியார் இந்திய மாணவர்களுக்குத் தங்கள் பணம் கட்டும் யந்திரத்தை ஒரு வருஷம் இலவசமாய்த் தருவதாக அறிவித்தார்கள். அவ்வருஷம் நவம்பரில் ஓபன் ஏஐ கம்பெனியாரும் ஒரு வருஷம் இலவசம் என்று இந்தியாவில் ஆரம்பித்தார்கள். நமக்கென்ன இவர்கள் மாமனா மச்சானா? ஒரு காலத்தில் தேயிலை வியாபாரத்தார் ஊர் ஊராய் வண்டி கொண்டு வந்து இலவசமாய்த் தேத்தண்ணி ஊற்றினார்கள். இன்று தேத்தண்ணி குடிக்காமல் விடிகின்ற வீடு உண்டா? தேத்தண்ணி குடிப்பது குற்றமல்ல. ஆனால் அது இல்லாவிட்டால் தலைவலி வரும் என்ற நிலைமைக்கு நம்முடைய யோசனை சக்தியைக் கொண்டு போய் விடலாமா? காசு கட்டினால்தான் யோசனை வரும் என்ற காலம் வந்தால், காசில்லாதவன் மறுபடியும் கீழ்சாதி ஆகின்றான் அல்லவா?

செய்ய வேண்டியது என்ன?

மாணவத் தோழர்களே! நாம் சொல்லுவது இவ்வளவுதான். முதலில் நீங்கள் எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். பிறகு யந்திரத்திடம் கொடுத்து, "இதில் எங்கே தப்பு? ஏன் தப்பு?" என்று கேளுங்கள். "விடையைச் சொல்லாதே, அடுத்த படியை மட்டும் காட்டு" என்று கேளுங்கள். "நான் இப்படிச் சொல்லுகின்றேன், இதற்கு எதிர்க் கட்சி என்ன சொல்லும்?" என்று கேளுங்கள். அது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால், புத்தக சாலைக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கையில் கிடைக்காததை எழுதாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்திலிருக்கும் தோழனுக்கு உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் படித்திருக்கின்றீர்கள்.

ஆசிரியர்களே! கட்டுரையை நிறுத்துப் பார்த்து மார்க்குப் போடுவதை நிறுத்துங்கள். மாணவனை எதிரில் உட்கார வைத்து, "நீ எழுதியதைச் சொல்லு, ஏன் இப்படி எழுதினாய்?" என்று ஐந்து நிமிஷம் கேளுங்கள். எந்த யந்திரமும் அந்த ஐந்து நிமிஷத்தில் அவனுக்காகப் பேச முடியாது. ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தால் எப்படிக் கேட்பது என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வாத்தியார்களை அதிகமாய் நியமிக்கும்படி சர்க்காரைக் கேட்க வேண்டும். 2025 மார்ச்சு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசாங்கத்தார் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ கொடுப்பதாக அறிவித்தார்கள். கருவி கொடுப்பது நல்லதே. கருவியைக் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்க ஆளைக் கொடுக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்ததாகும்.

பெற்றோர்களே! பிள்ளை எத்தனை மார்க்கு வாங்கினான், எத்தனை அரியர் வைத்திருக்கின்றான் என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் அவனுக்கு முதலில் புரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். நாம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, "உன் பாட்டியிடம் கேட்டாயா?" என்றுதான் கேட்டோம். பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் தம் பாட்டி சொல்லக் கேட்டிருந்ததைச் சொல்லியிருக்கின்றார். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு, புத்தக சாலையில் இரண்டு புத்தகங்களைப் படித்து, பாட்டி சொன்னதில் எது சரித்திரத்தோடு பொருந்துகின்றது, எது பொருந்தவில்லை என்று பார்த்தாள். பொருந்தாத இடங்களைப் பற்றி யந்திரத்தையும் கேட்டாள். அது சொன்னதையும் புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொண்டாள். கடைசியில் கட்டுரை நாலே பக்கம். இங்கிலீஷில் பிழைகள் இருந்தன. மார்க்கும் முந்தி அவள் வாங்கி வந்ததைவிட இரண்டு குறைவாகத்தான் வந்தது. ஆனால் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ராஜா கருணையால்தானே கொடுத்தார்?" என்று கேட்டபோது, அவள் கடுதாசியைப் பார்க்காமல் பத்து நிமிஷம் பதில் சொன்னாளாம்.

அந்த இரண்டு மார்க்கு போனால் போகட்டும் தோழர்களே! தெருவில் நடக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துத் திண்ணையில் உட்காரக் கூடாது என்று சொல்லப்பட்ட ஜனங்கள் அடியும் உதையும் பட்டு வாங்கிய உரிமை, படிக்கின்ற உரிமை. நமக்குப் பதிலாக ஒரு யந்திரம் படித்துக் கொள்ளட்டும் என்று விட்டுக் கொடுப்பதற்காக அவர்கள் அதை வாங்கவில்லை. குரு சொன்னார், சாஸ்திரம் சொல்லிற்று என்று நம்பியது போதும். இனி யந்திரம் சொல்லிற்று என்று ஆரம்பிக்க வேண்டாம்.

நாம் இதுவரை சொன்னவைகளையும் அப்படியே நம்பி விடாதீர்கள். வீட்டுக்குப் போய், நாம் சொன்ன ஒவ்வொரு வருஷத்தையும், ஒவ்வொரு கணக்கையும் தேடிப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். தப்பென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நம்மைக் கேளுங்கள்.